நலமறிய ஆவல்

கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒரு பழக்கம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கடைசி வரி தெரியவில்லை என்று சொன்னால், நம்பிவிடுவார். பலகையில் எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, போன மாதம்தான் துடைத்து மாட்டினேன், உங்களுக்கு முன்னால் வந்தவர் கடகடவென்று வாசித்தாரே என்றெல்லாம் வாதாடமாட்டார். தெரியவில்லை என்றால் தெரியவில்லை. வில்லையை மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பார். அவர் பிழைப்பு இந்த ஒரு கேள்வியில்தான் ஓடியது. உலகமும் இப்படித்தான் நடக்கிறது என்று அவர் நினைத்திருந்ததில் தப்பில்லை. அதுவரை அவர் இணைய இணைப்பு நிறுவனத்தோடு பேசியதில்லை.

பேச வேண்டி வந்தது மனைவிக்காக. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து, முட்டி வலி வந்த பிறகு வேலையை விட்டவர். நெடுநாள் மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தபடியே திரை வழியாகப் பாடம் நடத்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டு மனுப் போட்டார். மாதிரி வகுப்பு நடத்திக் காட்டச் சொன்னார்கள். தேர்வாளர்கள் மூன்று பேர் அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். டீச்சர் ஒரு ஆப்பிளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கையில் தூக்கிப் பிடித்து, வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துப் படம் நின்றது.

மீண்டும் உயிர் வந்தபோது அவர், "ஆக, விடை இதுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தேர்வாளர்கள் நல்லவர்கள். அடுத்த மாத முதல் வியாழக்கிழமை காலை இன்னொரு வாய்ப்புத் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் அன்றைக்கும் நின்றால் மன்னிக்க வேண்டும், ஊசி குத்தப்பட்டுப் படுத்திருக்கும் பிள்ளையை உறைந்துபோன டீச்சரையும் பார்க்கவைக்க முடியாது என்றார்கள். அதில் நியாயம் இருந்தது.

டீச்சருக்கு வேலையைவிட அந்தக் கோலம்தான் உறுத்தியது. "நான் வாயத் திறந்துக்கிட்டு நிக்கிறத மூணு பேரும் பாத்துக்கிட்டே இருந்திருக்காங்க. எந்திரிச்சுப் போய் மூடிவிடணும்னு ஒருத்தருக்காவது தோணியிருக்கும் இல்ல?" என்று கணவரிடம் கேட்டார். கடைக்காரர் தொலைபேசியை எடுத்தார்.

இணைப்பு நிறுவனத்தில் புகார் என்ற சொல் இல்லை. அது கடுமையான சொல்லாம். 'அக்கறையைப் பகிர' ஒன்றை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினார். நெடுநேரம் குழலிசை கேட்டது. அவருடைய அழைப்பு எவ்வளவு முக்கியமானது என்று நடுநடுவே ஒரு குரல் நினைவூட்டியது. தன்னுடைய முக்கியத்துவம் இவ்வளவு என்று அவருக்கே அதுவரை தெரியாது.

கடைசியில் உண்மையான ஒரு பெண்குரல் வந்தது. இணைப்பு வேலை செய்யவில்லை என்றார் இவர். வேலை செய்யவில்லை என்று சொல்லக்கூடாது, ஓய்வில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்று குரல் அன்போடு திருத்தியது. அணைத்துப் போடச் சொன்னது. அணைத்துப் போட்டார். என்ன நிறத்தில் விளக்கு எரிகிறது என்று கேட்டது. பச்சை என்றார்.

"அப்ப நீங்க நல்லா இருக்கீங்க சார்."

"நான் நல்லாத்தாம்மா இருக்கேன். படம்தான் நிக்குது."

"படம் நிக்குதா சார், இல்ல நிக்கிற மாதிரி உங்களுக்குத் தெரியுதா?"

முப்பது வருடம் பிறரிடம் கேட்ட கேள்வி தன்னிடமே வந்ததும் கடைக்காரர் சற்றுத் தடுமாறினார். குரல் அந்தத் தடுமாற்றத்தைக் குறித்துக்கொண்டது. "பச்சை எரிஞ்சும் ஓய்வு தெரிஞ்சா, கண்ணை ஒருதடவ காட்டிடறது நல்லது சார். பக்கத்துல கண்ணாடிக் கடை ஏதாவது இருக்கா?"

"இருக்கு. என்னோடதுதான்."

"ரொம்ப வசதியாப் போச்சு சார்" என்று சொல்லி, அக்கறையைத் தீர்ந்ததாகக் குறித்து, குரல் விடைபெற்றது.

அந்தப் பச்சை விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எரிந்தது உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி ஒன்றில். அதன் பெயர் நலம்விசாரிப்பான். நிறுவனத்தின் ஆண்டு விழாவை ஒட்டி, ஒருபோதும் குறை சொல்லாத வாடிக்கையாளர்களைத் தேடிப் பிடித்து அன்பளிப்பாகத் தந்தார்கள். கடைக்காரர் குறை சொன்னதே இல்லை. அதனால் அவருக்கும் வந்தது. பிளக்கில் மாட்டி, இணைப்புக் கம்பியின் குறுக்கே செருகிவிட வேண்டும். அது கண் இமைப்பதற்குள் பலமுறை தலைமையகத்துக்கு, 'நலம், நலமறிய ஆவல்' என்று செய்தி அனுப்பும். தலைமையகமும் உடனுக்குடன், 'நலம், நலமறிய ஆவல்' என்று பதில் போடும். இப்படி ஓயாமல் நடக்கும். நிறுவனத்தை ஆரம்பித்தவருக்கு அவர் பிள்ளைகள் கடிதம் போடுவதில்லை என்று இருந்த ஏக்கத்தில் பிறந்த யோசனை என்று பேச்சு. பதில் வந்துகொண்டிருக்கும் வரை கிளை அலுவலகத்துப் போர்டில் அந்த வீடு பச்சைப் புள்ளியாக மின்னும்.

இரண்டாம் முறை அக்கறையைப் பகிர்ந்ததும் ஆள் அனுப்பினார்கள். வந்தவர் ஓர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கம்பி தரையோடுதான் போகிறது, ஏணி எதற்கு என்று டீச்சர் கேட்டதற்கு, ஏணி இல்லாமல் போனால் வேலைக்கு வந்ததாகவே யாரும் நம்புவதில்லை என்றார். ஏணிக்காரர் பழைய பெட்டியைத் தட்டிப் பார்த்தார், நலம். பக்கத்தில் புதிதாக ஒரு பெட்டியைச் செருகினார். இது முதல் பெட்டியின் நலத்தை விசாரிக்குமாம்.

"ஏம்ப்பா, இது ஒழுங்கா ஓடுமா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"நேத்தே ஆபீஸ்ல செருகிப் பாத்துட்டேன் சார். அங்க செருகினதுமே உங்க வீடு போர்டுல பளிச்சுனு வந்துருச்சு. உங்க பேரு பெட்டிக்குள்ளயே இருக்கு, எங்க மாட்டினாலும் உங்க வீடுதான். பொறிச்சு வெச்ச மாதிரி." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இது அணைஞ்சா போர்டு செவப்பாயிரும். செவப்பானா வண்டி கிளம்பிரும். இதுவரைக்கும் ஆனதில்ல."

அன்று மாலையிலிருந்து இணைப்பு இன்னும் சோர்ந்தது. ஒரு பக்கம் திறப்பதற்குள் டீச்சர் காய் நறுக்கி, அடுப்பைத் துடைத்து, வந்து பார்த்தால் பாதி வந்திருக்கும். மூன்றாம் முறை கூப்பிட்டபோது மூன்றாவது பெட்டி வந்தது. முதல் இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று இது பார்த்துக்கொள்ளுமாம். மேசை விளக்கு பிடுங்கப்பட்டது. இஸ்திரிப் பெட்டி அலமாரிக்குள் போனது. கூடத்தில் இரவு பகலாகப் பச்சை வெளிச்சம். பார்த்தால் மருந்துக்கடை மாதிரி இருந்தது.

நேரில் போய்ச் சொன்னால்தான் சரிப்படும் என்று கடைக்காரர் கிளை அலுவலகத்துக்குப் போனார். அது அவர் கடையிருந்த தெருவின் கடைசியிலேயே இருந்தது. காத்திருப்பவர்களுக்கு நீள சோபா. எதிரே ஒரு டிவியில் மீன்கள் மின்னல்வேகத்தில் நீந்தின. கீழே 'எங்கள் வேகம்' என்று எழுதியிருந்தது. டோக்கன் வாங்கிக்கொண்டு சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தவர், அதன் பின்னால் சுவரோரம் ஒரு நீளப் பிளக் பலகையையும், டிவிக்குப் போகும் இணைப்புக் கம்பிகளையும் பார்த்தார். வீட்டில் இல்லாத ஒன்று அங்கே தாராளமாக இருந்தது: காலி ஓட்டைகள். பொறாமையாக இருந்தது.

இணைப்பு நல மேலாளர் அவரைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போனார். சுவர் முழுக்கப் போர்டு. ஆயிரக்கணக்கான பச்சைப் புள்ளிகள். நடுவே ஒன்று மட்டும் வைரம்போல் ஜொலித்தது.

"அது யார் வீடு தெரியுதா? உங்க வீடு." மேலாளருக்குக் குரல் தழுதழுத்தது. "இந்த வட்டாரத்துலயே உங்க வீட்டிலிருந்துதான் அதிகமா 'நலம்' வருது. பெத்த புள்ளகூட இவ்வளவு தடவ விசாரிக்கமாட்டான் சார்."

"போர்டு நல்லா இருக்கு சார். வீட்லதான் ஒண்ணும் ஓடல. ஒருதடவ வந்து பாத்தீங்கன்னா..."

மேலாளர் புன்னகைத்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். "வீட்டுக்குப் போனா ஒரு வீடுதான் சார் தெரியும். இங்க உக்காந்தா எல்லா வீடும் தெரியும். நான் இந்தப் பதவிக்கு வந்ததிலேருந்து ஒரு வாடிக்கையாளர் வீட்டு வாசப்படி மிதிச்சதில்ல. அதனாலதான் யார் பக்கமும் சாயாம பேச முடியுது. நேர்ல பாத்தவங்க எப்பவுமே உணர்ச்சிவசப்படுவாங்க."

பிறகு ஏதோ தோன்றியவர்போல் நின்றார். இந்த வீட்டுக்கு மட்டும் அந்தக் கொள்கையைத் தளர்த்துவதாக அறிவித்தார்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் வந்தார்கள். மேலாளர், ஏணிக்காரர், ஏணி, புகைப்படக்காரர், கைதட்டுவதற்கு நாலைந்து பேர். 'நிறைநல இல்லம்' என்று பொறித்த பலகையைக் கூடத்தில் மாட்டினார்கள். மாட்டுவதற்கு ஏணி உண்மையிலேயே உதவியது. ஏணிக்காரர் முகத்தில் நிறைவு தெரிந்தது. நான்காவதாகப் பொன்னிறப் பெட்டி ஒன்று பரிசு. உள்ளே மாதிரி வகுப்புக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த டீச்சரைக் கூப்பிட்டுப் படத்துக்கு நிற்கவைத்தார்கள்.

தலைமையகம் நேரலையில் பார்க்க, மேலாளர் டீச்சரின் கணினி முன் நின்று உரையாற்றினார். தம் நிறுவனம் கம்பிகளை இணைப்பதில்லை, இதயங்களை இணைக்கிறது என்றார். வாடிக்கையாளர் வாய் திறந்து கேட்பதற்குள் அவர் நலமாக இருக்கிறார் என்பதை அவருக்குத் தெரிவித்துவிடுவதே சேவை என்றார். "ஒரே ஒரு உண்மையைச் சொல்லி முடிக்கிறேன்" என்று கையை உயர்த்தி வாயைத் திறந்தார்.

திரையில் அந்த மேலாளர் அப்படியே நின்றார். கூடத்து மேலாளர் அந்த உண்மையைச் சொல்லி முடித்து, நன்றி கூறி, வியர்வையும் துடைத்துக்கொண்டார். தலைமையகத்துக்குப் போனது திறந்த வாயும் உயர்ந்த கையும் மட்டுமே. அதைவிட ஆழமான உரையை அங்கே யாரும் கேட்டதில்லையாம். எழுந்து நின்று கைதட்டினார்கள் என்று பிறகு செய்தி வந்தது.

டீச்சர் மட்டும் திரையை உற்றுப் பார்த்தார். "எனக்கு வந்த அதே நோய்தான். ஆனா பாருங்க, இவருக்குக் கைதட்டறாங்க."

புதன்கிழமை சாயங்காலம், மறுநாள் உடுத்த வேண்டியதைத் தேய்க்க இஸ்திரிப் பெட்டியை எடுத்தார் டீச்சர். ஓட்டை இல்லை. நான்கு பெட்டிகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எரிச்சலில் நான்கையும் ஒரே இழுப்பில் பிடுங்கி, இணைப்புக் கம்பியைப் பழையபடி நேராகச் செருகிவிட்டு, துணியை விரித்தார். மேசையில் கணினி திடீரென்று உயிர்பெற்றது. முதல்நாள் நின்றுபோன மேலாளர், "இணைப்பு என்பது நம்பிக்கை" என்று முடித்து, கையை இறக்கி, அடுத்த படத்துக்கு வழிவிட்டார். அடுத்த படம் நிற்காமல் ஓடியது. அதற்கடுத்ததும்.

கடைக்காரர் ஓடிவந்தார். நிலைமை புரிந்ததும் அவருக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தார். மனைவியைத் திரைக்கு எதிரே உட்காரவைத்து, ஒரு பெட்டியைச் செருகினார்.

"இப்ப எப்படி?"

"மங்கல்."

எடுத்தார். "இப்ப?"

"பளிச்."

இன்னொன்றைச் செருகினார். "இது தெளிவா, முந்தினது தெளிவா?"

"ரெண்டும் ஒரே கண்றாவி. டாக்டர், கண்ணாடியே போடாதப்பதான் எனக்கு நல்லாத் தெரியுது."

வழி நெடுக நின்று நலம் விசாரித்துக்கொண்டே இருந்தால் வேறு யார் அதில் நடக்க முடியும்? பெட்டி அன்பளிப்பாக வந்த நாளிலிருந்துதான் இந்தத் தொல்லையே. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. குழலிசை இல்லை, ஒன்றை அழுத்தச் சொல்லவில்லை. நேராக மேலாளரே.

"சார், வீட்ல எல்லாரும் உயிரோட இருக்கீங்களா? போர்டு செவந்துருச்சு." அவர் உண்மையிலேயே பதறியிருந்தார். கடைக்காரர் நடந்ததைச் சொன்னார். பெட்டிகளை எடுத்ததும் இணைப்பு அருமையாக ஓடுகிறது என்றார். அது சாத்தியமே இல்லை என்றார் மேலாளர். பெட்டி இல்லாமல் ஓடுவது ஓட்டமே அல்ல, அது பிரமை. "தயவுசெஞ்சு மறுபடி மாட்டுங்க சார். இன்னொருதடவ செவந்தா ஆள் வந்து லைனையே அறுத்துட்டுப் புதுசா இழுத்துருவாங்க. உங்க நன்மைக்குத்தான்."

பெட்டிகளை மாட்டினார்கள். தொலைபேசி அமைதியானது. திரையில் வட்டம் சுழலத் தொடங்கியது.

மாட்டினால் டீச்சர் வாயைத் திறந்தபடி நிற்பார். மாட்டாவிட்டால் கம்பி போய்விடும், டீச்சர் நிற்கக்கூட மாட்டார். தேய்த்த துணியை மடித்துக்கொண்டே டீச்சர், வேண்டாம் விடுங்கள், வராமல் போனால் போகிறது என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் ஆப்பிளை எடுத்து மேசையில் வைத்ததைக் கடைக்காரர் கவனித்தார். சோபாவின் பின்னால் பார்த்த காலி ஓட்டைகளும், எங்கே மாட்டினாலும் உங்கள் வீடுதான் என்று ஏணிக்காரர் சொன்னதும் அவர் நினைவுக்கு வந்தன.

வியாழக்கிழமை காலை டீச்சர் திரைமுன் உட்கார்ந்ததும், கடைக்காரர் நான்கு பெட்டிகளையும் பிடுங்கி, கம்பியை நேராகச் செருகிவிட்டு, பெட்டிகளைக் கண்ணாடிக் கூடுகள் போடும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை முறுக்கினார். கிளை அலுவலகம் அமளியில் இருந்தது. நிறுவன வரலாற்றில் முதல்முறையாக வண்டி கிளம்பத் தயாராக நின்றது. ஏணியும் ஏற்றியாகிவிட்டது. ஆனால் வண்டி வாசலைத் தாண்ட, மேலாளர் கணினியில் அனுமதி போட வேண்டும். கடைக்காரர் டோக்கன்கூட எடுக்காமல் சோபாவின் பின்னால் குனிந்தார். எதையோ தவறவிட்டுத் தேடுகிறார் என்று உட்கார்ந்திருந்தவர்கள் கால்களைத் தூக்கி வழிவிட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, பொன்னிறம்.

உள்ளே கூச்சல் அடங்கியது. போர்டின் நடுவே வைரம் மீண்டும் ஜொலித்தது. மேலாளர் வண்டியைத் தடுக்க ஆள் அனுப்பத் தேவையே இருக்கவில்லை. அனுமதிப் பக்கம் திறக்காமல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. டிவியில் மீன்கள் நடுக்கடலில் அசையாமல் நின்றன.

டீச்சரின் ஆப்பிள் அன்றைக்குப் பாதியாகி, காலாகி, அரைக்காலாகி, கடைசித் துண்டை அவரே தின்று காட்டி, மீதி என்ன என்று கேட்கும்வரை படம் ஒரு முறைகூட நிற்கவில்லை. தேர்வாளர்களில் ஒருவர் தம்மை மறந்து கையைத் தூக்கி விடை சொன்னாராம். அது தப்பான விடை. டீச்சர் அவரைத் திருத்தினார். வேலை கிடைத்தது.

சில நாள் கழித்துக் கடைக்காரர் கடையில் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மேலாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் அவருடைய அலுவலகமே வந்தது: கூப்பிட்டால் பேசும் பெண்குரல், கைதட்டுபவர்கள், கடைசியாக ஏணிக்காரர். எல்லோரும் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஏணி வாசலில் சாய்ந்து நின்றது.

"கண்ணுல ஏதோ கோளாறு சார்" என்றார் மேலாளர். "ஆபீஸ்ல எந்தத் திரையைப் பாத்தாலும் வட்டம் சுத்துது. எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்."

"இணைப்புல ஏதாவது..."

"போர்டு பச்சையா இருக்கு சார்." அவர் வருத்தத்தோடு சொன்னார். "அதனாலதான் கண்ணுன்னு வந்தோம்."

கடைக்காரர் அவரை நாற்காலியில் உட்காரவைத்துப் பலகையைக் காட்டினார். மேலாளர் கடைசி வரியை வாசித்தார். கேட்காமலே, அதற்கும் கீழே மூலையில் பலகையை அச்சடித்த அச்சகத்தின் முகவரியையும் வாசித்தார். கண் பழுதில்லாத கண்.

"என்ன சார், ஒண்ணும் தெரியலையா?" என்று கேட்டார் மேலாளர்.

கடைக்காரர் யோசித்தார். தெரியவில்லை என்று ஒருவர் வந்து சொன்னால் நம்புவதுதான் அவர் வழக்கம். சோபாவைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கச் சொல்லலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. அப்புறம், கையில் பாதி ஆப்பிளோடு திரையில் நின்ற ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்தது.

"உங்க அக்கறையைக் குறிச்சுக்கிட்டேன் சார்" என்றார். "ரெண்டு கண்ணையும் மூடுங்க. கொஞ்ச நேரம் கழிச்சுத் திறங்க."

மேலாளர் மூடினார். சற்றுப் பொறுத்துத் திறந்தார்.

"இப்ப எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

"இன்னொருதடவ மூடுங்க."

நாற்காலியில் மேலாளரும் பெஞ்சில் அவருடைய அலுவலகமும் ஒருசேரக் கண்ணை மூடிக்கொண்டார்கள். கடைக்காரர் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை மறுபடி எடுத்துக்கொண்டார்.